மருந்துச் சீட்டில் இடம்பெறாத பெயர்கள்

முடக்கு வாதத்திற்குச் சிகிச்சை தொடங்கிய நோயாளிகளுள் பலர், முதல் மாதம் முடியும் முன்னரே ஒரு கேள்வியுடன் திரும்பி வருகின்றனர். "இது கேன்சர் மாத்திரையாமே, டாக்டர்?" என்பதே அக்கேள்வி. பெரும்பாலும் அது நோயாளிக்குத் தோன்றிய கேள்வியன்று. திருப்பூரிலோ சென்னையிலோ பணிபுரியும் மகனோ மகளோ, மாத்திரை அட்டையில் உள்ள பெயரைக் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டுவரச் சொன்ன கேள்வி. இவ்வாறு கேட்பவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கேட்காமலேயே மாத்திரையை நிறுத்திவிட்டு, ஓராண்டு கழித்து விரல்கள் கோணிய நிலையில் வருபவர்களைப் பற்றியே கவலை.

அந்த மாத்திரையின் பெயர் மெத்தோட்ரெக்சேட். அது புற்றுநோய்க்கும் பயன்படும் மருந்து என்பது உண்மையே. அதே மருந்தை முடக்கு வாதத்திற்கு ஏன் தருகிறோம், எந்த அளவில் தருகிறோம், அதனுடன் ஃபோலிக் அமிலம் என்னும் சிறிய மாத்திரையை ஏன் சேர்க்கிறோம் என்பதையெல்லாம் விளக்க வேண்டுமாயின், இம்மருந்துகள் பிறந்த கதையைச் சொல்வதே எளிய வழி. அக்கதையில் ஒரு வியப்பும் உண்டு. முடக்கு வாத நோயாளியின் மருந்துச் சீட்டில் வழக்கமாகக் காணப்படும் பெயர்கள் மூன்று: மெத்தோட்ரெக்சேட், ஃபோலிக் அமிலம், தொடக்க காலத்தில் மட்டும் பிரெட்னிசோலோன். இம்மூன்றின் வரலாற்றிலும், தோலின் நிறத்தாலோ பிறந்த நாட்டாலோ வாயிற்படியிலேயே நிறுத்தப்பட்ட மனிதர்களின் உழைப்பு கலந்திருக்கிறது. ஒருவர் சென்னையில் மருத்துவம் பயின்றவர். மற்றவர்கள் அமெரிக்கக் கறுப்பினத்தவர்கள்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். நம் பகுதிக் கிராமங்களில் சரவாங்கி என்று இன்றும் வழங்கப்படும் முடக்கு வாதம், வயது முதிர்வால் முழங்கால் தேய்வதைப் போன்றதன்று. கிருமிகளிடமிருந்து உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல், இலக்குத் தவறித் தன் மூட்டுகளையே தாக்குவதால் வருவது. முப்பது, நாற்பது வயதிலேயே தொடங்கலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதி. காலையில் எழுந்ததும் கைவிரல்கள் விறைத்து, ஒரு மணி நேரம் சென்றாலும் இளகாமல், குடத்தைப் பிடிக்கவும் பூட்டில் சாவியைத் திருப்பவும் இயலாமற்போவது இதன் அடையாளம். வலி மாத்திரைகள் வலியை மட்டுமே மறைக்கும். மூட்டின் உள்ளே எலும்பு அரிக்கப்படுவது நிற்பதில்லை. அந்த அரிப்பின் பெரும்பகுதி நோயின் முதல் சில ஆண்டுகளிலேயே நிகழ்ந்துவிடுவதால், தொடக்கத்திலேயே நோயைக் கட்டுப்படுத்தும் மருந்தைத் தருகிறோம். அதில் முதலிடம் வகிப்பது மெத்தோட்ரெக்சேட்.

கீரையில் கிடைத்த சத்து

கதை ஃபோலிக் அமிலத்திலிருந்து தொடங்குகிறது. 1928இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்குள்ள நூற்பாலைகளிலும் நெசவாலைகளிலும் வேலை செய்த ஏழைப் பெண்கள் பலர், கருவுற்ற காலத்தில் கடுமையான இரத்தச் சோகையால் இறந்துகொண்டிருந்தனர். அது இரும்புச் சத்துக் குறைவால் வரும் சோகையன்று. இரத்த அணுக்கள் அளவில் பெருத்தும் எண்ணிக்கையில் குறைந்தும் காணப்பட்டன. அப்பெண்களின் உணவை ஆராய்ந்த வில்ஸ், ஈஸ்ட் சாறு கொடுத்தால் சோகை நீங்குவதைக் கண்டு 1931இல் வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த பொருள் எது என்பது அப்போது விளங்கவில்லை. பத்தாண்டுகள் கழித்து, 1941இல், அமெரிக்க வேதியியலாளர்கள் நான்கு டன் பாலக் கீரையை வடித்து அப்பொருளின் சிறு துளியைப் பிரித்தெடுத்தனர். இலத்தீன் மொழியில் இலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். நூற்பாலைகள் சூழ்ந்த நம் மாவட்டத்தில், கருவுற்ற பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்துடன் சேர்த்துத் தரப்படும் சத்து இதுவே. பம்பாய் ஆலைப் பெண்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை.

ஒரு நோயாளிக்குக் கொடுப்பதற்கு நான்கு டன் கீரையை வடித்துக்கொண்டிருக்க இயலாது. அதனைச் செயற்கையாகத் தயாரிக்க வேண்டும். இங்கேதான் நம் நாட்டவர் ஒருவர் வருகிறார்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12 அன்று, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். வறிய குடும்பம். மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாம் முயற்சியிலேயே தேறினார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அணியத் தொடங்கிய அவர், அறுவைக் கூடத்திலும் கதர் அங்கியே அணிந்தார். இது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. மற்றப் பாடங்களில் நன்றாகத் தேறியும், அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் வழங்கப்படவில்லை, அதனினும் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். சான்றே கிடைத்தது. அரசு மருத்துவப் பணிக்கான கதவு அத்துடன் அடைபட்டது. சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பிக்கும் வேலையில் அமர்ந்தார்.

அவர் உள்ளத்தை மாற்றிய துயரம் வேறொன்று. அவருடைய சகோதரர்கள் இருவர், ஓயாத வயிற்றுப்போக்கும் சோகையும் சேர்ந்து உடலை உருக்கும் 'ஸ்ப்ரூ' என்னும் நோயால் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தனர். அந்நோய்க்கு அக்காலத்தில் மருந்து இல்லை.

1922இல் அவர் கப்பலேறி பாஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல மருத்துவம் பயின்றார். உதவித்தொகை கிடைக்காததால், ஒரு மருத்துவமனையில் இரவு நேர ஊழியராக வேலை பார்த்து வயிற்றைக் கழுவினார். மருத்துவம் படித்த ஒருவர் நோயாளிகளின் கழிகலங்களைச் சுத்தம் செய்துகொண்டு ஆராய்ச்சிக்கு வழி தேடினார் என்பதை எம் மருத்துவமனையின் இரவுப் பணியாளர்கள் அறிந்துகொள்ள வேண்டுமென்று விரும்புகிறேன். பின்னர் சைரஸ் ஃபிஸ்க் என்னும் பேராசிரியருடன் சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்னும் அப்பெயரை மருத்துவ ஆய்வகப் படிப்புப் படித்த எவரும் அறிவர். தசைகள் இயங்கத் தேவையான ஆற்றல் எங்கே சேமிக்கப்படுகிறது என்பதைக் காட்டும் பாஸ்போகிரியாட்டின் என்னும் பொருளை இருவரும் 1927இல் கண்டறிந்தனர். உடலின் ஆற்றல் நாணயம் எனப்படும் ஏ.டி.பி.யை 1929இல் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதனைத் தனியே கண்டறிந்திருந்தார்.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி தரப்படவில்லை. அக்கால அமெரிக்கச் சட்டத்தையும் நினைவிற் கொள்ள வேண்டும். இந்தியர்கள் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1923இல் தீர்ப்பளித்திருந்தது. 1946இல்தான் அத்தடை நீங்கியது. 1940இல் சுப்பாராவ் பல்கலைக்கழகத்தை விட்டு, நியூயார்க் மாநிலத்தில் இருந்த லெடர்லே என்னும் மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்திற்குச் சென்றார். விரைவில் அதன் ஆராய்ச்சிப் பிரிவிற்கே தலைவரானார்.

அங்கே அவர் வழிநடத்திய குழு, 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியது. அந்த ஆய்வறிக்கையில் பதினாறு பேரின் பெயர்கள் உள்ளன. சுப்பாராவின் பெயர் அவற்றுள் ஒன்று. ஃபோலிக் அமிலம் ஸ்ப்ரூ நோயையும் குணப்படுத்தியது. அவருடைய சகோதரர்கள் இறந்து அப்போது பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

நுழையும், ஆனால் திரும்பாத சாவி

பாஸ்டனில் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், இரத்தப் புற்றுநோயால் அவதியுற்ற குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் சார்ந்த பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணிவதற்கு மாறாக விரைவதுபோல் அவருக்குத் தோன்றியது. அப்படியானால், அச்சத்தைத் தடுக்கும் பொருள் ஒன்று கிடைத்தால் நோய் தணியுமல்லவா? அவர் லெடர்லே கூடத்தை நாடினார். ஃபோலிக் அமிலம் தயாரிக்கும் வழியை அறிந்த அவ்வேதியியலாளர்களே, அதன் மூலக்கூறில் ஒரு சிறு பகுதியை மாற்றி அதற்கு எதிரான பொருளையும் தயாரித்தனர்.

அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதைத் திண்டுக்கல்காரர்களுக்கு விளக்குவது கடினமன்று. நம் ஊர்ப் பூட்டுக்கு ஏற்ற சாவி உள்ளே நுழைந்து நெம்புகளைத் தூக்கித் திரும்பும். அதே அச்சில் வெட்டப்பட்டு, ஒரே ஒரு பல் மட்டும் மாறிய சாவியும் உள்ளே நுழையும், ஆனால் திரும்பாது. வெளியே எடுக்கவும் வராது. அது சிக்கியிருக்கும்வரை உண்மையான சாவியை நுழைக்கவும் இயலாது. நம் உடலின் ஒவ்வொரு செல்லும் இரண்டாகப் பிரியும் முன்னர் புதிய மரபுப் பொருளை உருவாக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. அந்த ஃபோலிக் அமிலத்தைப் பயன்படும் வடிவிற்கு மாற்றித் தரும் நொதியே பூட்டு. ஃபோலிக் அமிலம் சரியான சாவி. லெடர்லே வேதியியலாளர்கள் உருவாக்கிய அமினோப்டெரின் பல் மாறிய சாவி. வேகமாகப் பெருகும் செல்களே இதனால் முதலில் திணறும். புற்றுநோய்ச் செல்கள் அத்தகையவை.

ஃபார்பர் பதினாறு குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்தார். பத்துக் குழந்தைகளின் நோய் சில காலம் தணிந்தது. 1948 ஜூன் மாதத்தில் அது வெளியானபோது, மருந்தால் இரத்தப் புற்றுநோயை அடக்க முடியும் என்பதையே பலர் நம்ப மறுத்தனர். அமினோப்டெரினைவிடச் சற்று மென்மையான மற்றொரு வடிவத்தையும் அதே கூடம் உருவாக்கியிருந்தது. இன்று உங்கள் மாத்திரை அட்டையில் உள்ள மெத்தோட்ரெக்சேட் அதுவே. 1948 ஆகஸ்டு மாதத்தில், 53ஆம் வயதில், சுப்பாராவ் மாரடைப்பால் உறக்கத்திலேயே காலமானார். யானைக்கால் நோய்க்கு இன்றும் நம் நாட்டில் வீடு வீடாக வழங்கப்படும் டை எத்தில் கார்பமசின் மாத்திரையும் அவர் வழிநடத்திய கூடத்தில் உருவானதே. அவர் தாய்நாட்டிற்குத் திரும்பி வரவே இல்லை.

புதிய மருந்து ஆய்வகத்தில் பிறந்துவிட்டால் போதாது. அதனை நோயாளிகளுக்குக் கொடுத்து, எவ்வளவு கொடுக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும், யாருக்குப் பலன் தரும் என்பதைப் பொறுமையாகக் கண்டறிய வேண்டும். அதற்கு நியூயார்க் நகரில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியின் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அம்மருத்துவமனையில் 1919இல் நியமனம் பெற்ற முதல் கறுப்பின மருத்துவர் லூயிஸ் ரைட். அவர் ஹார்வர்டில் மருத்துவம் பயின்றவர். பயிலும் காலத்தில், மகப்பேறு மருத்துவம் கற்கப் பிற மாணவர்கள் செல்லும் மருத்துவமனைக்கு அவரை அனுப்பாமல் விலக்கி வைக்க முயன்றனர். தாம் செலுத்திய கட்டணத்திற்கு உரிய கல்வியைத் தாமும் பெற்றே தீருவதாக வாதாடி அவர் வென்றார். லெடர்லே கூடம் கண்டறிந்த ஆரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியை 1948இல் முதன்முதலில் மனிதர்களிடம் சோதித்தவர்கள் லூயிஸ் ரைட்டும் அவருடைய குழுவினருமே. டெட்ராசைக்ளின் குடும்பத்து மருந்துகள் அனைத்திற்கும் அதுவே மூத்தது.

அவருடைய மகள் ஜேன் ரைட்டும் மருத்துவரானார். 1949இல் தந்தையின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்தார். குணப்படுத்த இயலாதவர்கள் எனக் கைவிடப்பட்ட 93 நோயாளிகளுக்கு ஃபோலிக் அமில எதிர்ப்பு மருந்துகளைக் கொடுத்து ஆராய்ந்த முடிவுகளை, தந்தையும் மகளும் குழுவினரும் 1951இல் வெளியிட்டனர். அதுவரை இரத்தப் புற்றுநோய்க்கு மட்டுமே என்று எண்ணப்பட்ட இம்மருந்துகள், மார்பகப் புற்றுநோய் போன்ற கட்டிகளையும் சுருக்கக்கூடும் என்பது தெரிந்தது. அந்த அறிக்கை வெளியான இதழ், கறுப்பின மருத்துவர்கள் தங்களுக்கென நடத்திவந்த சங்கத்தின் இதழ். அக்காலத்தில் அந்நாட்டுப் பொது மருத்துவச் சங்கத்தின் பல கிளைகள் அவர்களை உறுப்பினர்களாகச் சேர்ப்பதில்லை. 1952இல் லூயிஸ் ரைட் மறைந்தபின், 33 வயதில் ஜேன் ரைட் அப்பிரிவின் தலைவரானார். நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த திசுவை ஆய்வகத்தில் வளர்த்து, எந்த மருந்து அதனை அழிக்கிறது என்று முன்னரே பார்த்துவிட்டு மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்னும் கருத்தில் அவர் பல ஆண்டுகள் உழைத்தார். இன்று உலகெங்கும் புற்றுநோய் மருத்துவர்கள் மதிக்கும் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கத்தை 1964இல் நிறுவிய எழுவருள் ஒரே பெண் அவரே. 2013இல், 93ஆம் வயதில் காலமானார்.

புற்றுநோய் மருந்து மூட்டுக்கு வந்த வழி

முடக்கு வாதத்தில் மூட்டின் உள்சவ்வு தடித்துப் பெருகுகிறது. பெருக்கத்தைத் தடுக்கும் மருந்து இதற்கும் உதவாதா என்று எண்ணிய அமெரிக்க மருத்துவர் கப்னர், அதே 1951இல் சில நோயாளிகளுக்கு அமினோப்டெரின் கொடுத்து நற்பலன் கண்டார். ஆனால் மருத்துவ உலகம் அதனைக் கவனிக்கவில்லை. அப்போது அனைவர் கண்களும் கார்ட்டிசோன் என்னும் மற்றொரு மருந்தின்மேல் இருந்தன. பல ஆண்டுகள் கழித்து, 1985இல் வெளியான முறையான ஆய்வுகள்தாம், குறைந்த அளவு மெத்தோட்ரெக்சேட்டை வாரம் ஒரு முறை கொடுத்தால் முடக்கு வாதம் கட்டுப்படும் என்பதை நிறுவின. 1988இல் அமெரிக்க அரசின் மருந்து நிறுவனம் அதற்கு ஒப்புதல் அளித்தது. இடைப்பட்ட முப்பத்தேழு ஆண்டுகளை நினைத்தால் வருத்தமே மிஞ்சுகிறது. கோணிய விரல்களுடன் நம் பாட்டிமார் பலர் வாழ்ந்து மறைந்தது அந்த இடைவெளியில்தான்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். சில புற்றுநோய்களுக்கு இம்மருந்தை இரத்தக் குழாய் வழியாக ஒரே வேளையில் பல ஆயிரம் மில்லிகிராம் அளவில் செலுத்துகிறார்கள். முடக்கு வாதத்திற்கு நாங்கள் தருவது வாரத்திற்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை. இந்தச் சிறிய அளவில் இம்மருந்து செல்களைக் கொல்வதைவிட, அழற்சியை அடக்குவதையே பெரிதும் செய்கிறது; அடினோசின் என்னும் இயற்கையான அமைதிப்பொருளை மூட்டில் பெருக்குவது அதன் வழிகளுள் ஒன்று. ஆகவேதான், மெத்தோட்ரெக்சேட்டுக்கு மாற்றான ஃபோலிக் அமிலத்தையும் உடன் கொடுத்தாலும் மூட்டுக்கான பலன் கெடுவதில்லை. வாய்ப்புண், குமட்டல், கல்லீரல் பாதிப்பு ஆகியவையே குறைகின்றன. ஒரே ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்த சரியான சாவியும் பல் மாறிய சாவியும் இன்று ஒரே சீட்டில், வெவ்வேறு நாள்களில் எழுதப்படுகின்றன.

எண்ணெய்த் தொட்டியில் கசிந்த நீர்

மூன்றாவது மாத்திரையான பிரெட்னிசோலோன், ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தது. மெத்தோட்ரெக்சேட் பலன் தர ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும் என்பதால், அதுவரை நோயாளி வேலைக்குச் செல்லவும் உறங்கவும் உதவியாக இதனைக் குறைந்த அளவில் தருகிறோம்.

1948 செப்டம்பரில், அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் முடக்கு வாதத்தால் நடக்க இயலாதிருந்த ஓர் இளம்பெண்ணுக்கு முதன்முதலில் கார்ட்டிசோன் ஊசி போடப்பட்டது. சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். கெண்டல், ஹென்ச் ஆகிய இருவருக்கும், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைனுக்கும் 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அம்மருந்தை மாட்டின் பித்தநீரிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் தயாரிக்க வேண்டியிருந்தது. சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் அது கிடைக்கவில்லை.

ஸ்டீராய்டுகளைத் தாவரத்திலிருந்து மலிவாகத் தயாரிக்கும் வழியைத் திறந்தவர்களுள் முக்கியமானவர் பெர்சி ஜூலியன். 1899இல் அலபாமா மாநிலத்தில் பிறந்தவர். அடிமைகளாக இருந்தவர்களின் பேரன். கல்லூரியில் கறுப்பின மாணவர்களுக்கு விடுதியில் இடமில்லை. ஒரு மாணவர் சங்க வீட்டில் பரிமாறும் வேலை செய்து அங்கேயே தங்கிப் படித்து, 1920இல் வகுப்பில் முதல் மாணவராகத் தேறினார். ஹார்வர்டில் முதுநிலைப் பட்டம் பெற்றும், வெள்ளை மாணவர்கள் அவரிடம் கற்க ஒப்பமாட்டார்கள் என்று கூறிக் கற்பிக்கும் பணியை மறுத்தனர். வியன்னாவிற்குச் சென்று 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். கண் அழுத்த நோய்க்குப் பயன்பட்ட ஃபைசோஸ்டிக்மினை 1935இல் செயற்கையாகத் தயாரித்து உலகப் புகழ் பெற்றார். அப்போதும் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. 1936இல் கிளிடன் என்னும் நிறுவனத்தின் சோயா ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்தார்.

1940இல் அங்கே ஒரு பெரிய சோயா எண்ணெய்த் தொட்டியில் நீர் கசிந்து, அடியில் வெள்ளைப் படிவு ஒன்று திரண்டது. பிறர் பாழானது என்று கொட்டியிருப்பார்கள். ஜூலியன் அப்படிவில் ஸ்டீராய்டு தயாரிப்பதற்கான மூலப்பொருள் இருப்பதைக் கண்டுகொண்டார். முதலில் அதிலிருந்து புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனைப் பெருமளவில் தயாரித்தார். 1949இல், ஹைட்ரோகார்ட்டிசோன் தயாரிக்க உதவும் ஓர் இடைநிலைப் பொருளை எளிதாக உருவாக்கும் வழியையும் கண்டார். இவரைப் போன்றவர்களின் தாவரவழி வேதியியலால்தான் ஸ்டீராய்டின் விலை இறங்கியது. இன்று மருந்துக் கடைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைப்பவற்றுள் பிரெட்னிசோலோன் மாத்திரையும் ஒன்று.

அவர் சிகாகோ அருகே வெள்ளையர் வாழும் பகுதியில் வீடு வாங்கினார். குடிபுகும் முன்னரே, 1950இல் அவ்வீட்டிற்குத் தீ வைக்க முயன்றனர். அடுத்த ஆண்டு, குழந்தைகள் உள்ளே உறங்கும்போது, அவர்கள் அறைச் சன்னலுக்கு அருகே வெடி வீசினர். அவர் வீட்டை விட்டு வெளியேறவில்லை.

கைப்பேசிச் செய்திகளில் இத்தகையோரைப் பற்றி மிகைப்படுத்தியவை வலம் வருகின்றன. கார்ட்டிசோனைக் கண்டுபிடித்தவரே ஜூலியன்தான் என்றும், சுப்பாராவ் தனியொருவராகவே புற்றுநோய் மருந்தைக் கண்டார் என்றும் எழுதுகிறார்கள். அவ்வாறு சொல்வது அவர்களுக்குப் பெருமை சேர்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மெத்தோட்ரெக்சேட் ஒரு குழுவின் உழைப்பு. சுப்பாராவ் அக்குழுவை உருவாக்கியவர், வழிநடத்தியவர். தம் கூடத்தில் வெளியான கண்டுபிடிப்புகளில் உடன் உழைத்தோரின் பெயர்களே முன்னிற்க வேண்டும் என்று அவர் ஒதுங்கி நின்றதும் அவர் மறக்கப்பட்டதற்கு ஒரு காரணம். நம் அரசு அவருடைய நூற்றாண்டான 1995இல் அஞ்சல்தலை வெளியிட்டது.

மாத்திரையை எவ்வாறு உட்கொள்வது

மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும். நாள்தோறும் அன்று. இதனை எத்தனை முறை சொன்னாலும் தகும். வாரம் ஒரு முறை என்று எழுதியதைத் தினமும் எனப் புரிந்துகொண்டு உட்கொண்டவர்கள், வாய் முழுதும் புண்ணாகி, இரத்த அணுக்கள் அனைத்தும் குறைந்து, உயிருக்குப் போராடிய நிலையில் வந்ததை நான் கண்டிருக்கிறேன். பல் மாறிய சாவி ஒவ்வொரு நாளும் நுழைந்தால், எலும்பு மச்சையில் இரத்தம் உற்பத்தியாகும் எல்லாப் பூட்டுகளும் அடைபட்டுவிடும். ஆகவே ஒரு கிழமையைத் தேர்ந்தெடுத்து, அதனைச் சீட்டிலும் வீட்டு நாள்காட்டியிலும் எழுதி வையுங்கள். மாத்திரையை எடுத்துத் தரும் மகளிடமோ மருமகளிடமோ அந்தக் கிழமையைச் சொல்லி வையுங்கள். ஃபோலிக் அமிலத்தை மருத்துவர் குறித்த வேறு நாளில் உட்கொள்ளுங்கள். இரண்டும் சிறிய மஞ்சள் மாத்திரைகளாக இருக்கலாம். ஒரே டப்பாவில் கொட்டி வைக்க வேண்டாம், அட்டையிலேயே இருக்கட்டும்.

காய்ச்சல், வாய்ப்புண், வறட்டு இருமலுடன் மூச்சுத் திணறல், கண்கள் மஞ்சளாதல் ஆகியவற்றுள் எது வந்தாலும் அந்த வார மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வாருங்கள். சிறுநீர்த் தொற்றுக்கோ சளிக்கோ வேறு மருத்துவரிடம் செல்லும்போது இச்சீட்டைக் காட்டுங்கள். கோட்ரைமாக்சசோல் என்னும் பழைய மருந்தும் ஃபோலிக் அமிலப் பாதையைத் தடுப்பதே. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. மது அருந்துபவர்கள் அதனைக் கைவிட வேண்டும், கல்லீரல் இரட்டைச் சுமையைத் தாங்காது.

கருவில் வளரும் குழந்தையின் செல்கள் எல்லாவற்றையும்விட வேகமாகப் பெருகுபவை. ஆதலால் கருவுற்ற பெண்கள் மெத்தோட்ரெக்சேட் உட்கொள்ளவே கூடாது. திருமணம் நிச்சயமான பெண்களும், குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதியரும் முன்னரே எங்களிடம் தெரிவித்தால், மூன்று மாதங்களுக்கு முன்பே மருந்தை மாற்றித் தருவோம். மாமியார் முன்னிலையில் இதனைச் சொல்லத் தயங்குபவர்கள், தனியே பேச வேண்டும் என்று செவிலியரிடம் கூறினால் போதும்.

பிரெட்னிசோலோனைத் தாமாகக் கூட்டவும் வேண்டாம், திடீரென நிறுத்தவும் வேண்டாம். வலி உடனே தணிகிறது என்பதற்காக மருந்துக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் உட்கொள்பவர்களுக்குச் சர்க்கரை நோயும் எலும்புத் தேய்வும் வருகின்றன. இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றிற்கான பரிசோதனையைத் தொடக்கத்தில் சில வாரங்களுக்கு ஒரு முறையும், நிலைபெற்ற பின் மூன்று மாதங்களுக்கு ஒரு முறையும் செய்துகொள்ளுங்கள். நத்தம், வேடசந்தூர் போன்ற தொலைவான ஊர்களிலிருந்து வருபவர்கள், அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலேயே இரத்தம் கொடுத்து, முடிவுத் தாளை மட்டும் அடுத்த வருகையின்போது கொண்டு வரலாம்.